துவக்கோடு போனவரும் கடிதத்தோடு போனவரும்

எமது வாசகர்களில் பலருடைய காணி, சட்டத்தின் கண்ணில் இன்னமும் அரச காணியே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரத்தை நம்பிக் காடு வெட்டி, கிணறு கிண்டி, தென்னை வைத்து, இரண்டு தலைமுறை உழைத்திருப்பார்கள். ஆனாலும் உறுதிக்காரருக்கு உள்ள பலம் அவர்களுக்கு இல்லை. இடம்பெயர்ந்த வேளையில் அந்தப் பத்திரத்தையும் தொலைத்தவர்களின் பாடு சொல்லத் தேவையில்லை. ஆகவே, அரசின் கையில் அகப்பட்ட காணியை மீட்க என்ன வழி என்ற பேச்சு கமக்காரர் கூடும் இடமெல்லாம் எழுகிறது. மனுக் கொடுத்துக் கொடுத்துக் களைத்துவிட்டோம் என்பார்கள் சிலர். பலத்தைக் காட்டினால்தான் மேலிடம் அசையும் என்பார்கள் வேறு சிலர்.

எங்கள் மண்ணில் ஆயுதம் எதைக் கொண்டுவந்தது, எதைக் கொண்டுபோனது என்பதை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இம்முறை தூரத்து நாட்டுக் காணிப் பிணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவின் மேற்கே ஒரிகன் மாநிலத்தில் ஹார்னி என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே ஏறக்குறைய ஒரே நிலத்தைப் பற்றி மூன்று கூட்டத்தார் மூன்று விதமாக முயன்றார்கள். ஒரு கூட்டம் கடிதத்தோடு போனது. ஒரு கூட்டம் துவக்கோடு போனது. மற்றது கதிரைகளைப் போட்டு உட்கார்ந்து பேசியது.

துரத்தப்பட்ட சனம்

ஹார்னி மாவட்டம் பத்தாயிரம் சதுர மைலுக்கு மேல் பரந்தது. இலங்கைத் தீவில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வாழும் சனம் ஏழாயிரத்துச் சொச்சம்தான். மழை குறைந்த மேட்டுநிலம் ஆதலால் மாடு வளர்ப்பே பிரதான தொழில். நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மத்திய அரசுக்குச் சொந்தம். பண்ணைக்காரர் அனுமதி எடுத்து, கட்டணம் கட்டி, அரச தரையில் தங்கள் மாடுகளை மேய்க்கிறார்கள்.

பண்ணைக்காரர் வருமுன்னரே அங்கு வாழ்ந்தவர்கள் பாயூட் எனப்படும் ஆதிக்குடிகள். 1872இல் 17 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அரசாங்கம் அவர்களுக்கென ஒதுக்கியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1878இல், பக்கத்துப் பிரதேசத்தில் மூண்ட பன்னொக் யுத்தத்தில் அவர்களில் ஒரு பகுதியினரும் சேர்ந்துகொண்டார்கள். யுத்தம் சில மாதங்களில் முடிந்தது. ஆயுதம் எடுத்தவர், எடுக்காதவர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. 1879 ஜனவரியில், உறைபனிக் காலத்தில், ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் 350 மைல் தூரத்திலுள்ள யக்கிமா என்ற இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வழியில் குழந்தைகளும் முதியோரும் இறந்தனர். அவர்கள் விட்டுப்போன நிலம் குடியேற வந்தவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

அவர்களிடையே ஆங்கிலம் அறிந்த பெண் ஒருவர் இருந்தார். பெயர் சாரா வினமக்கா. 1880இல் தகப்பனாரோடும் தமையனோடும் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய், உள்துறை அமைச்சர் கார்ல் ஷூர்ஸைக் கண்டு பேசினார். விரும்பியவர்கள் தங்கள் சொந்தச் செலவில் ஊர் திரும்பலாம் என்று அமைச்சர் கடிதமும் கொடுத்தார். கடிதத்தோடு யக்கிமாவுக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரி சனத்தைப் போக விட மறுத்துவிட்டார். அந்த அதிகாரி ஒரு போதகர் என்பதையும் இப்பக்கங்களில் நாம் மறைக்காமல் எழுத வேண்டும்.

அமைச்சரின் கடிதம் கையில் இருக்கிறது, உள்ளூர் அதிகாரி அசையமாட்டேன் என்கிறார். உங்களில் சிலருக்கு இது புதிய செய்தியாக இராது. சாரா சோர்ந்துவிடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 1883இல் புத்தகம் எழுதினார், காங்கிரஸ் சபைக்கு மனுவும் அனுப்பினார். ஆயினும் ஒதுக்கப்பட்ட நிலம் திரும்பி வரவில்லை. அவருடைய சனத்துக்கு அந்நாளில் வாக்குரிமை இல்லை. ஆதிக்குடிகள் அனைவரையும் பிரஜைகளாக ஏற்கும் சட்டம் 1924இல்தான் வந்தது. எந்த அரசியல்வாதியும் அவர்களுக்குப் பயப்படக் காரணம் இருக்கவில்லை.

சிலர் சிறுசிறு கூட்டங்களாகத் தாங்களே திரும்பி வந்து, பேர்ன்ஸ் நகரின் ஓரத்தில் குப்பை கொட்டிய நிலத்தில் குடியிருந்தார்கள். 1935இல் அவர்களுக்காக 760 ஏக்கர் வாங்கப்பட்டது. அந்த நிலம் 1972இல்தான் முறைப்படி அவர்களுடைய ஒதுக்கிடமாயிற்று. பறிபோன நிலத்துக்கு நட்டஈடாக 1969இல் தலைக்கு ஆயிரம் டொலருக்கும் குறைந்த தொகை கிடைத்தது. அமைதி வழியில் போனால் கட்டாயம் வெற்றி என்று நாம் எழுதினால், இந்தச் சனம் எம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

நாற்பத்தொரு நாட்கள்

பாயூட் சனத்தின் பழைய நிலப்பரப்புக்குள்ளேதான் மல்ஹியர் ஏரியும் சதுப்பு நிலங்களும் இருக்கின்றன. 1908இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார். இப்போது அதன் பரப்பு 187,000 ஏக்கர் அளவில் உள்ளது. சுற்றியுள்ள பண்ணைக்காரருக்கும் சரணாலயத்துக்கும் இடையே உரசல் நெடுங்காலமாக இருந்தது. 1970களில் சரணாலயத்துக்குள் மாடு மேய்ப்பது பெருமளவு குறைக்கப்பட்டதும் கசப்பு முற்றியது.

அந்த மாவட்டத்தின் பண்ணைக்காரர்களான ஹம்மண்ட் என்ற தகப்பனும் மகனும், தாங்கள் மூட்டிய தீ அரச நிலத்துக்குப் பரவியமைக்காக 2012இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். முதலில் குறுகிய சிறைத்தண்டனை கிடைத்தது. அதை அவர்கள் அனுபவித்து முடித்து வீடு வந்த பின்னர், சட்டப்படி குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருக்க வேண்டும் என்று 2015இல் மறுபடி தண்டனை விதிக்கப்பட்டது. ஊரவர்கள் கொதித்தெழுந்ததில் நியாயம் உண்டு என்றே நாம் நினைக்கிறோம். 2016 ஜனவரி 2ஆம் திகதி பேர்ன்ஸ் நகரில் நூற்றுக்கணக்கானோர் அமைதியாக ஊர்வலம் போனார்கள்.

ஊர்வலத்துக்கு வந்தவர்களில் வெளிமாநிலத்தவர் சிலர் இருந்தனர். அவர்கள் பிரிந்து போய், 30 மைல் தெற்கே, புதுவருட விடுமுறையில் ஆளில்லாமல் கிடந்த சரணாலய அலுவலகத்தைத் துவக்குகளோடு பிடித்துக்கொண்டார்கள். தலைவர் அம்மன் பண்டி. அரச நிலத்தையெல்லாம் மாவட்டத்துக்கும் பண்ணைக்காரருக்கும் கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. அவருடைய தகப்பனார் நெவாடா மாநிலத்தில் மேய்ச்சல் கட்டணம் கட்டாமல் பத்து இலட்சம் டொலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தார். 2014 ஏப்ரலில் அதிகாரிகள் மாடுகளைப் பிடிக்க வந்தபோது ஆயுதம் ஏந்தியோர் திரண்டு நிற்க, அதிகாரிகள் பின்வாங்கிப் போனார்கள். துவக்கு வேலை செய்யும் என்ற நம்பிக்கை அங்கே பிறந்ததுதான்.

மல்ஹியரில் 41 நாட்கள் இருந்தார்கள். அந்நாட்களில் காணியைப் பற்றி யாரும் பேசவில்லை. தொலைக்காட்சி முழுவதும் துவக்கும் தொப்பியும்தான். பாடசாலைகள் ஒரு வாரம் மூடப்பட்டன. யாருக்காக வந்தோம் என்றார்களோ அந்த ஹம்மண்ட் குடும்பத்தின் சட்டத்தரணியே, இவர்கள் எங்கள் சார்பில் பேசவில்லை என்று ஷெரிப்புக்கு எழுதினார். தகப்பனும் மகனும் ஜனவரி 4ஆம் திகதி தாங்களாகவே சிறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அலுவலகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த பாயூட் மக்களின் பழம்பொருட்களை வந்தவர்கள் கிளறினார்கள். மூதாதையர் தடயங்கள் புதைந்த நிலத்தைத் தோண்டிப் பாதை போட்டார்கள். பாயூட் மக்கள் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முதலில் துரத்தப்பட்டவர்களே இரண்டாம் முறையும் மிதிபட்டார்கள்.

ஜனவரி 26ஆம் திகதி, பக்கத்து மாவட்டத்தில் ஒரு கூட்டத்துக்குப் போகும் வழியில் தலைவர்கள் கைதானார்கள். அவ்வேளை லவோய் ஃபினிகம் என்ற அரிசோனா பண்ணைக்காரர் மாநிலப் பொலிசாரால் சுடப்பட்டு இறந்தார். கடைசி நால்வர் பெப்ரவரி 11ஆம் திகதி சரணடைந்தனர்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2016 ஒக்டோபரில் அம்மன் பண்டி உட்பட ஏழு பேரை ஜூரிமார் விடுதலை செய்தார்கள். வேறு பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2018 ஜூலையில் ஜனாதிபதி டிரம்ப் ஹம்மண்ட் இருவருக்கும் மன்னிப்பு அளித்தார். ஆகவே துவக்குத்தான் வென்றது என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு மனிதர் வீடு வந்தது உண்மை. ஆனால் சரணாலயத்தில் ஒரு ஏக்கர் தானும் கைமாறவில்லை. இன்னொன்றும் உண்டு. அரசாங்கம் நாற்பத்தொரு நாள் பொறுத்திருந்தது, வந்தவர்கள் வெள்ளைக்காரர் என்பதனாலும் இருக்கலாம். பாயூட் மக்கள் ஆயுதம் எடுத்தால் என்ன நடக்கும் என்பது 1878இலேயே தெரிந்துவிட்டது. ஒருவரைப் பாதுகாக்கும் துவக்கு இன்னொருவரின் பிள்ளைகளைப் பனியில் நடக்க வைக்கும்.

கதிரை போட்டுப் பேசியவர்கள்

செய்தியில் அதிகம் வராத பகுதிக்கு வருகிறோம். ஆயுதக்காரர் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஹார்னியின் பண்ணைக்காரர் சிலரும், சரணாலய அதிகாரிகளும், பறவை காப்போரும், பாயூட் மக்களின் பிரதிநிதிகளும் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்கென 2005இல் ஒரு கூட்டு அமைப்பும் தொடங்கப்பட்டது. சரணாலயத்தை அடுத்த 15 ஆண்டுகளுக்கு எப்படிப் பராமரிப்பது என்ற திட்டம் 2013இல் நிறைவேறியது.

ஆரம்பத்தில் ஒருவரையொருவர் நம்பவில்லை. எல்லோருக்கும் பொதுவான எதிரி ஒன்று ஏரிக்குள்ளேயே இருந்தது உதவியாயிற்று. வெளியிலிருந்து வந்து பெருகிய கார்ப் மீன் அடிச்சேற்றைக் கிளறி, நீரைக் கலக்கி, பறவைகளின் உணவான நீர்ச்செடிகளை அழித்துக்கொண்டிருந்தது. மாட்டுச் சண்டையை ஒருபுறம் வைத்துவிட்டு முதலில் மீனைப் பற்றிப் பேசினார்கள். பிறகு புல்லைப் பற்றிப் பேச முடிந்தது. மாடு மேய்வதும் வைக்கோலுக்குப் புல் வெட்டுவதும் சில இடங்களில், சில காலங்களில், பறவைகளுக்கு நன்மையே என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். எந்த இடம், எந்தக் காலம் என்பதை நிலத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று பண்ணைக்காரர் ஏற்றுக்கொண்டார்கள்.

இது பெரிய வெற்றி அல்ல. நிலம் அரசின் நிலமாகவே இருக்கிறது. ஆனால் 2016இல் ஆயுதக்காரர் ஊரவரைத் தங்களோடு சேர அழைத்தபோது பெரும்பாலான பண்ணைக்காரர் போகவில்லை. அதிகாரியோடு பேச அவர்களுக்கு ஏற்கனவே ஒரு வாசல் இருந்தது. ஆயுதக்காரருக்கு இடங்கொடாத மாவட்டத் தலைவரைப் பதவி நீக்கக் கேட்ட வாக்கெடுப்பும் அந்த ஆண்டு ஜூனில் தோற்றது.

எமது பக்கத்தில்

பேசிக்கொண்டிருப்பது ஒன்றுதான் வழி, காணிக்குள் காலடி வைக்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. இரணைதீவுச் சனம் 1992இல் இடம்பெயர்ந்து இரணைமாதா நகரில் இருந்தது. 2017 மே மாதம் தொடக்கம் ஓராண்டு அளவில் போராட்டம் நடத்தியும் முடிவு வரவில்லை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் பெண்களும் ஆண்களும் குருமாருமாகத் தீவுக்குப் போய் இறங்கினார்கள். கடற்படை முகாம் அங்கேயே இருந்தது. மல்ஹியரில் போலவே இதுவும் அரசின் பிடியிலிருந்த நிலத்துக்குள் நுழைந்ததுதான். ஆனால் கையில் துவக்கு இல்லாதபடியால், அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது காணிக் கேள்விக்கு மட்டுமே. அடுத்த மாதம் அமைச்சின் அதிகாரிகள் தீவுக்கு வந்து, அங்கே தங்கியிருக்கச் சம்மதித்தார்கள்.

முல்லைத்தீவு பிலவுக்குடியிருப்பில் 2017 ஜனவரி 31ஆம் திகதி விமானப்படை முகாமின் முன்பாகப் பெண்களும் பிள்ளைகளும் தெருவோரத்தில் இருந்தார்கள். மழை, பனி, கொசு எல்லாவற்றோடும் ஒரு மாதம். மார்ச் 1ஆம் திகதி 42 ஏக்கர் அளவான காணி விடப்பட்டது. அதே நாளில் அயலிலுள்ள கேப்பாப்புலவுச் சனம் தொடங்கிய போராட்டமோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2017 டிசெம்பரில் ஒரு பகுதிக் காணி விடுபட்டது. இராணுவ முகாமுக்குள் அகப்பட்ட மற்றப் பகுதிக்காக அவர்கள் தொடர்ந்தும் தெருவிலேயே இருந்தார்கள்.

சாரா வினமக்காவிடம் இல்லாத சில உங்களிடம் உண்டு. வாக்கு உண்டு. பழைய வாக்காளர் இடாப்பில் தகப்பன் பெயரும் கிராமத்தின் பெயரும் உண்டு. பங்குக் கோயில் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர் உண்டு. பத்திரம் தொலைந்தவர்கள் இவற்றின் பிரதிகளை இப்போதே எடுத்து வையுங்கள். மேலிடத்துக் கடிதம் ஏதும் கிடைத்தால் அதை ஒருவர் வீட்டுப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், திகதியோடு பிரதி எடுத்து, பிரதேச செயலாளருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டுகளைச் சங்கத்தின் கோவையில் ஒட்டி வையுங்கள்.