மண்ணுக்குள் மறைந்த சிறுவர்கள்
31 சிலுவை! 55 உடல்!

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் மரியானா என்று ஓர் ஊர். குற்றம் செய்த சிறுவர்களைத் திருத்துவதற்காக 1900-ம் ஆண்டு அங்கே ஒரு பள்ளி தொடங்கினார்கள். திருடியவன் மட்டும் அல்ல, வீட்டை விட்டு ஓடியவன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன்கூட அங்கே அனுப்பப்பட்டான். திருத்துவதற்குக் கையாண்ட வழி, தோல் வாரினால் அடி!

2011-ல் பள்ளியை மூடிவிட்டார்கள்.

பள்ளி நிலத்தில் ஓர் இடுகாடு உண்டு. இரும்புக் குழாயில் செய்து வெள்ளை அடித்த 31 சிலுவைகள் அங்கே நின்றன. ஒன்றில்கூடப் பெயர் இல்லை. அரசாங்கம் விசாரணை நடத்தியது. "31 பேர்தான்" என்று முடித்தது.

ஒரு குடும்பம் மட்டும் நிம்மதி அடையவில்லை. அந்த வீட்டுப் பையனுக்கு வயது 14. 1940-ல் பள்ளிக்குப் போனான். 1941 தொடக்கத்தில், "இறந்துவிட்டான்" என்று செய்தி வந்தது. பெற்றோர் பதறி ஓடினார்கள். புதுமண் மூடிய ஒரு குழியைக் காட்டினார்கள். அவ்வளவுதான்! அவன் தங்கைக்கு அப்போது வயது 12.

2012-ல் தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரின் கிம்மர்லே என்ற பெண் ஆராய்ச்சியாளர் தம் குழுவோடு வந்தார். ராடார் கருவியைத் தள்ளுவண்டிபோல் தரைமீது உருட்டினார்கள். அது ரேடியோ அலைகளை மண்ணுக்குள் அனுப்பும். மண்ணின் தன்மை மாறும் இடத்தில் அலை திரும்பி வரும். ஒரு முறை தோண்டி மூடிய மண், எத்தனை ஆண்டு ஆனாலும் பழையபடி இறுகுவது இல்லை. ராடார் காட்டுவது அந்த வித்தியாசத்தைத்தான். எலும்பை அல்ல!

அதனால் அது ஏமாறுவதும் உண்டு. 2019-ல் அதே பள்ளி நிலத்தில் ராடார் மேலும் 27 இடங்களைக் காட்டியது. ஊரே திடுக்கிட்டது. தோண்டிப் பார்த்தால் மரவேர்!

ஆனால் முதலில் பார்த்தபோது அது ஏமாறவில்லை. சுமார் 50 குழிகளைக் காட்டியது. 2013-ல் தோண்டினார்கள். கிடைத்தவை 55 உடல்கள்! சிலுவை நட்ட இடத்தில் இருந்தவை 13 மட்டுமே. மற்றவை புதருக்குள்ளும், பாதைக்கு அடியிலும், மரத்தடியிலும் கிடந்தன.

எலும்புகளுக்கும் உறவினர்களுக்கும் மரபணுச் சோதனை நடந்தது. 2014-ல் முதன்முதலாக அடையாளம் தெரிந்தது அந்த 14 வயதுப் பையனின் உடல்தான். எப்படி இறந்தான் என்பதை மட்டும் எலும்பு சொல்லவில்லை.

தங்கைக்கு அப்போது வயது 85. அண்ணனைத் தாய் தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்.