விதை கொடுங்கள், கடன் கொடுக்காதீர்கள்

போரில் எல்லாவற்றையும் இழந்த உழவர் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தால் போதுமா? ஈழத்தில் வன்னி மக்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் போதாது என்பது புரியும்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது மூன்று லட்சத்துக்கு நெருக்கமான மக்கள் வவுனியா பக்கத்து முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதில் பெரிய முகாமான மெனிக் பாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நெல், உளுந்து, கச்சான் (நம்ம நிலக்கடலை) போட்டுப் பிழைத்த உழவர்கள் அவர்களில் ஏராளம்.

ஊர் திரும்பியபோது என்ன இருந்தது? வயலில் கண்ணிவெடி. கிணறு தூர்ந்து கிடந்தது. பனையும் தென்னையும் ஷெல்லடியில் தலை இழந்து நின்றன. மாடு இல்லை, விதைநெல் இல்லை. பல வீடுகளில் ஆண்துணையும் இல்லை. சில ஊர்களில் காணியே ராணுவத்தின் கையில். கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் சொந்த நிலத்தைக் கேட்டு 2017ல் ராணுவ முகாம் வாசலில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. நிலம் திரும்பாமல் மறுவாழ்வு என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

நிலம் கிடைத்தவர்களைத் தேடி அடுத்து வந்தது வாரத் தவணைக் கடன். கடன் வாங்கி உரமும் பூச்சிமருந்தும் போட்டு, மழை பொய்த்தால் என்ன ஆகும்? நமக்குச் சொல்லவா வேணும்! வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக 2018ல் இலங்கை அரசே அறிவிக்க வேண்டி வந்தது.

செலவில்லாத விவசாயம் அந்த மக்களுக்குப் புதுசு இல்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் யூரியா வராத காலத்தையும் பார்த்தவர்கள். எருவும் பூவரசங்குழையும் தாழ்த்துப் பயிர் செய்வது அங்கே பழைய பழக்கம்.

அதுக்காக, இயற்கை விவசாயத்தை மேலிருந்து திணிக்கவும் கூடாது. 2021ல் இலங்கை அரசு ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. மாற்று எரு தயாராக இல்லை. விளைச்சல் விழுந்தது, அதே வருஷம் நவம்பரில் தடையை விலக்கினார்கள். மண்ணைத் தேற்ற அவகாசம் வேணும். அதுவரை குடும்பம் பசியாற வழியும் வேணும்.

அப்போ எதிலிருந்து தொடங்குவது? முதலில் கிணற்றைத் தூர்வாரணும். வீட்டைச் சுற்றிக் கீரை போட்டால் இருபத்தைந்து நாளில் குழம்புக்கு வந்துடும். பச்சைப்பயறுக்கு எழுபது நாள். வேலியோரம் முருங்கைப் போத்து நட்டால் அடுத்த வருஷம் காய். பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்தால் நாலைந்து மாசத்தில் கிழங்கு. அவித்தும் தின்னலாம், காயவைத்து ஒடியலாகச் சேமிக்கவும் செய்யலாம். கூடவே ஒரு பசுவும் நாலு கோழியும் இருந்தால் எருவுக்கு அலைய வேண்டியதில்லை. நெல்விதையை அந்த மண்ணிலேயே தேடணும். மொட்டைக்கறுப்பன் மாதிரி ரகங்களை இன்னும் காப்பாற்றி வைத்திருப்பவர்களிடம் வாங்கிப் பெருக்கினால், மறு போகத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம்.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற கதை என்று நினைக்காதீங்க. அதே போருக்குத் தப்பி 1983 முதல் கடல் கடந்து வந்த குடும்பங்கள், தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாததால் சொந்தமாக நிலம் வாங்க முடியாமல், கூலி வேலைக்குப் போகிற உழவர்களும் அவர்களில் உண்டு.

உங்க ஊர்ப் பக்கத்தில் முகாம் இருந்தால் ஒருமுறை போய்ப் பேசுங்க. தரிசாகக் கிடக்கிற அரை ஏக்கரை இரண்டு குடும்பங்களுக்கு ஒரு போகம் விட்டுப் பாருங்க. விதை நீங்க கொடுங்க, விளைச்சல் அவங்களுடையது. அறுவடையில் இரண்டு படி விதையை அவங்க திருப்பித் தந்தால் போதும், அடுத்த குடும்பத்துக்கு ஆச்சு.