சாராயம் கலந்த பெட்ரோலும் நம் பழைய காரும்

மார்கழி பிறந்துவிட்டால் மைசூர் தேவராஜ மொஹல்லாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பிவிடும். தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகையும் நஞ்சன்கூட்டு வாழைப்பழமும் வாங்கிப் பின் ஆசனத்தில் வைத்துக்கொண்டு, சின்ன மணிக்கூண்டைச் சுற்றி, சாமராஜநகரம் வழியாகத் திம்பம் மலையிறங்கிச் சத்தியமங்கலத்தில் காலை ஆகாரம் கொள்ளும் சுகத்தை அனுபவித்தவரே அறிவர். ரெயிலிலும் பஸ்ஸிலும் இடம் கிடைக்காத பொங்கல் நாட்களில், வயது முதிர்ந்த தாயாரைப் பார்த்து வருவதற்கு எங்களைப் போன்றோருக்கு ஒரு பழைய கார்தான் துணை. அந்தக் கார் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

எங்கள் வண்டி 2010 ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. 2025 ஆம் ஆண்டுப் பொங்கல் முடிந்து திரும்பி வருகையில், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவில் எஞ்சின் இருமத் தொடங்கிற்று. ஏற்றத்தில் இழுக்கும் சக்தி குன்றியது. பெட்ரோல் வாடையும் அடித்தது. எவ்வாறோ ஹாசனூரை அடைந்து, ஊர்ந்து ஊர்ந்து வீடு சேர்ந்தோம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே வேறொரு குறையும் இருந்து வந்தது. ஒரு லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய வண்டி, பதினாலுதான் ஓடிற்று.

பெரிய பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றில் காட்டினோம். பெட்ரோல் சரியில்லை என்றனர். பெட்ரோல் நிரப்பிய இடத்தில் கேட்டோம். வண்டி பழசு என்றனர். இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு விழிக்கும் கார்ச் சொந்தக்காரர் நாங்கள் மட்டும் அல்லர் என்பது, அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாடெங்கும் எழுந்த முறையீடுகளிலிருந்து தெரிய வந்தது.

முடிவில் மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் பட்டறை வைத்திருக்கும் தருமபுரிக்காரர் ஒருவரிடம் போனோம். நாற்பது ஆண்டுகளாக மைசூரிலே மோட்டார் வேலை செய்பவர். அவர் எஞ்சினைத் தொடுமுன் ஒரு சிறிய பரீட்சை செய்து காட்டினார். அளவுக் கோடுகள் இட்ட ஒரு கண்ணாடிக் குழாயில் பத்துப் பங்கு தண்ணீரும் ஐம்பது பங்கு பெட்ரோலும் ஊற்றி, நன்றாகக் குலுக்கி நிறுத்தினார். சற்று நேரத்தில் இரண்டும் பிரிந்தன. ஆனால் அடியில் நின்ற தண்ணீர் பத்துப் பங்காக இல்லை. ஏறக்குறைய இருபது பங்காக உயர்ந்திருந்தது. பெட்ரோலில் இருந்த சாராயம் பெட்ரோலை விட்டுத் தண்ணீருடன் சேர்ந்துகொண்டது என்பதே அதன் பொருள். (நெருப்புக்கு அருகிலோ வீட்டுச் சமையலறையிலோ யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) பிறகு அவர் சிரித்துக்கொண்டே, “ஐயா, பெட்ரோல் மேலும் குற்றமில்லை, வண்டி மேலும் குற்றமில்லை. இரண்டுக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை” என்றார்.

அவர் சொன்னதைச் சற்று விரித்துக் கூறுவோம்.

இப்போது நாம் பெட்ரோல் என்று வாங்குவது முழுப் பெட்ரோல் அன்று. நூறு பங்கில் இருபது பங்கு எத்தனால் என்னும் எரிசாராயம். கரும்புப் பாகின் கழிவு, கரும்புச் சாறு, மக்காச்சோளம், நொய்யரிசி முதலியவற்றைப் புளிக்கவைத்து வடித்தெடுப்பது அது. இந்தக் கலவை 2023 ஆம் ஆண்டு பிப்ரவரி 6 ஆம் தேதி பெங்களூரில் நடந்த எரிசக்தி மாநாட்டில் தொடங்கிவைக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டுக்குள் நாட்டின் பெட்ரோல் நிலையங்களில் பொதுவான சரக்காகிவிட்டது. யோசனை என்னவோ புதிதன்று. சுதந்திரம் வந்த மறு ஆண்டிலேயே, 1948 இல், மோட்டார் எண்ணெயில் எரிசாராயம் கலப்பதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதற்கும் முன்னர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, பின்புறம் அடுப்பைப் போன்ற உருளையைச் சுமந்துகொண்டு கரிவாயுவால் ஓடிய பஸ்களைப் பற்றி நம் பாட்டனார் தலைமுறையினர் கதை கதையாய்ச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

முதற் குறை, மைலேஜ் குறைவது. இது வெறும் கணக்கு. ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கிய வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால், மொத்தத்தில் ஆறு அல்லது ஏழு சதவீத வெப்பம் குறைந்தே தீரும். நிதி ஆயோக் 2021 இல் வெளியிட்ட அறிக்கையும், பழைய முறையில் அமைந்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், புதிய கலவைக்கேற்பத் திருத்திய கார்களில் 1 முதல் 2 சதவீதமும் ஓட்டம் குறையும் என்று மதிப்பிட்டது. எங்கள் வண்டி பதினைந்திலிருந்து பதினாலுக்கு இறங்கியது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. பாதியாகக் குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வதற்கு எத்தனால் காரணமாயிருக்க முடியாது. அவ்வளவு குறைந்தால் பிளக்கையோ பிரேக்கையோ காற்றழுத்தத்தையோ பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இருமல். எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிராணவாயு. ஆதலின் அது எரிவதற்கு வெளியிலிருந்து குறைந்த காற்றே வேண்டும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று பதினாலே முக்கால் பங்கு தேவைப்பட, எத்தனாலுக்கு ஒன்பது பங்கு போதும். பெட்ரோலுக்கென்று அளந்து துளையிட்ட கார்புரேட்டரில் இந்தக் கலவையை ஊற்றினால், காற்று மிகுந்து எண்ணெய் மெலிந்துபோகும். எஞ்சின் மிஸ் அடிக்கும். குளிர்ந்த காலை வேளையில் எளிதில் கிளம்பாது. பழைய ஸ்கூட்டர்களில் இதைக் கண்கூடாகக் காணலாம். கார்களில் பெரும்பாலும் புகைக்குழாயிலுள்ள ஓர் உணர்கருவி மீந்த பிராணவாயுவை அறிந்து சொல்ல, எண்ணெயைத் தெளிக்கும் அளவு தானே கூடும். எனவே எங்கள் வண்டியின் இருமலுக்கு வேறு காரணம் இருந்தது.

அந்தக் காரணந்தான் ரப்பர். எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். பழைய வண்டிகளின் சில ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் அது ஊறவைத்துப் பருக்கச் செய்யும். ஊறியது காய்ந்தால் வெடிக்கும். டாங்கியின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்து கிடந்த கசடையும் இளக்கிவிடும். எங்கள் வண்டியில் கழற்றிய குழாய் நுனியில் ஊறிய அப்பளம் போல் தளர்ந்திருந்தது. நடுவில் கீறல் விட்டிருந்தது. திம்பத்தில் அடித்த வாடை அதிலிருந்து வந்ததே. வடிகட்டியோ காப்பி டிகாக்ஷன் நிறத்தில் அடைத்துக் கிடந்தது. சமவெளியில் மெல்ல ஓடும்போது போதுமாயிருந்த எண்ணெய், மலையேற்றத்தில் போதவில்லை. குழாய்கள், வடிகட்டி, இரண்டு கேஸ்கெட்டுகள் ஆகியவற்றை மாற்றியதோடு வண்டியின் நோய் தீர்ந்தது. காரையே விற்கச் சொன்னவர்களை நினைத்துக்கொண்டோம்.

மூன்றாவதாகத் தண்ணீர். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மழைக்காலத்தில் பூமிக்கடியிலுள்ள தொட்டியில் தண்ணீர் கசிந்தாலும், வண்டியை மாதக்கணக்கில் அரை டாங்கியுடன் நிறுத்திவைத்தாலும், ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் சாராயமும் தண்ணீரும் ஒன்றாகி அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். ஊருக்குப் போகும்போது வண்டியை வீட்டிலேயே விட்டுச் செல்வோர், திரும்பி வரும் வரை பெட்ரோல் பழையதாகக் கிடக்காதபடி பார்த்துக்கொள்வது நலம். பெட்ரோல் நிலையத்தில் ஐந்து லிட்டர் அளவைக் கொண்டு அளந்து காட்டவும், வடிதாளில் சொட்டுவிட்டுப் பார்க்கவும், அடர்த்தியைச் சோதிக்கவும் கேட்கும் உரிமை வாங்குவோருக்கு உண்டு. மொழி தெரியாத ஊர் என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆக, எஞ்சின் கெட்டுப்போயிற்று என்ற புகாரில் பாதி மிகை. ஆனால் கார்ச் சொந்தக்காரரின் மனக்குறையில் மிகையில்லாத பகுதி ஒன்று உண்டு என்பதே எங்கள் எண்ணம். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் உறுப்புக்களே இக்கலவையைத் தாங்கும்படி செய்யப்படலாயின. அதற்கு முந்திய கோடிக்கணக்கான வண்டிகளுக்கு வேறு பெட்ரோல் எளிதில் கிடைப்பதில்லை. வெப்பம் குறைந்த சரக்குக்கு விலை குறையவுமில்லை. எத்தனாலின் கொள்முதல் விலையே லிட்டருக்கு 71 ரூபாய்க்கு மேல் என்று 2025 இல் அரசு விளக்கம் கூறிற்று. எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 ஆம் தேதி தள்ளுபடி செய்தது. பிரேசில் நாட்டைப் பாருங்கள். 1975 இல் அங்கே இத்திட்டம் தொடங்கிற்று. 2003 முதல் எந்தக் கலவையிலும் ஓடக்கூடிய கார்கள் வந்தன. அங்கே சாராயம் ஒரு குழாயிலும் கலப்புப் பெட்ரோல் வேறொரு குழாயிலும் கிடைக்கின்றன. சாராயத்தின் விலை பெட்ரோலின் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை வாங்கு, இல்லையேல் இதை வாங்கு என்பது அந்நாட்டு ஓட்டுநர் அனைவரும் மனத்தில் போடும் கணக்கு. நமக்கு அந்தக் கணக்குப் போடும் வாய்ப்பே அளிக்கப்படவில்லை.

இனி, வேறு வழி உண்டா என்று பார்ப்போம். அழுத்திய இயற்கை வாயுவில் ஓட்டினால் செலவு குறையும், புகையும் குறையும். ஆனால் உருளை பின்புறப் பெட்டியை அடைத்துக்கொள்ளும்; பொங்கலுக்குக் கொண்டுபோகும் மூட்டைகளை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் பூமியிலிருந்து எடுப்பதே.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லும்போது மைசூர்வாசிகளுக்குச் சற்றுப் பெருமை வருவது இயல்பு. மண்டியா மாவட்டத்துச் சிவனசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து 1902 இல் மின்சாரம் எடுத்து, 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அத்திட்டத்துக்கு வித்திட்ட திவான் சேஷாத்திரி அய்யர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர். அது நிறைவேறுமுன் 1901 இல் மறைந்தார். அந்த மின்சாரம் போய்ச் சேர்ந்த சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களிலும் தமிழர்களே மிகுதி. நூறாண்டு கழித்து 2001 இல், இந்தியாவின் சிறிய மின்சாரக் கார் ஒன்று பெங்களூரில் ரேவா என்ற பெயருடன் வெளிவந்தது.

பெட்ரோல் எஞ்சின் தான் உண்ணும் வெப்பத்தில் கால் பங்கை, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கை, சக்கரத்துக்குத் தரும். மீதி ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் போய்விடும். மின்மோட்டாரோ பத்தில் எட்டு ஒன்பது பங்கைத் தருகிறது. இதை நிலத்தைக் கொண்டு அளந்து பார்த்தோம். மண்டியாவில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு நாற்பது டன் கரும்பு விளைவதாகக் கொள்வோம். ஒரு டன்னுக்கு எழுபது லிட்டர் வீதம் 2,800 லிட்டர் எத்தனால். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்றால், ஓட்டம் 28,000 கிலோமீட்டர். தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. அந்த விகிதப்படி ஓர் ஏக்கர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் யூனிட் தரும். ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்றால், பதினைந்து லட்சம் கிலோமீட்டர். ஐம்பது மடங்குக்கு மேல்! தவிர, கரும்பு குடிக்கும் தண்ணீரும் காவிரித் தண்ணீரே. அதன் ஒவ்வொரு கன அடிக்கும் மேலே மண்டியா உழவரும் கீழே தஞ்சை உழவரும் காத்திருப்பதை, இரண்டு மாநிலங்களுக்கும் உறவினரான நாம் மறக்க முடியுமா?

இந்தக் கணக்கில் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கலாகாது. 2023-24 இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. இரவில் செருகினால் சூரியனைச் செருகுவதாகாது. மின்சாரக் காரின் விலையும் சம்பளக்காரருக்கு எளிதில் எட்டுவதன்று. மலைப்பாதையில் மின்னேற்றும் நிலையம் எங்கே உண்டு என்று புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளவும் வேண்டும். ஆயினும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டாரே மின்னாக்கியாகி, சிறிது மின்சாரத்தை மின்கலத்துக்குத் திருப்பித் தரும். பெட்ரோல் வண்டி திம்பம் இறங்கும்போது நமக்குத் தருவது சூடேறிய பிரேக்கின் வாடை ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் முடிவு செய்தது இது: கார் புது ரப்பர் குழாய்களுடன் ஊர்ப் பயணத்துக்கு மட்டும் இருக்கட்டும். நாள்தோறும் சயாஜி ராவ் சாலைக்கும் அலுவலகத்துக்கும் போய்வந்த கார்புரேட்டர் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு, மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். குடித்தனக்காரருக்கு இதில் ஒரே தடை, வண்டியை எங்கே செருகுவது என்பது. வீட்டுக்காரரம்மாள் முதலில் மறுத்தார். மாடிப்படிக்கடியில் எங்கள் செலவில் தனி மீட்டர் வைத்த பின் சம்மதித்தார். இப்போது மாதக் கடைசியில் அவரே வந்து மீட்டரைப் பார்த்து, எத்தனை யூனிட் ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டு போகிறார். தம் மகனுக்கும் ஒன்று வாங்கும் யோசனையாம்.