தம்பி தந்த மடக்குக் கத்தி

"அக்கா, உனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று தம்பி ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நீட்டியபோது, சென்ட் பாட்டிலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். கம்பெனி வேலையாக மூன்று மாதம் சுவிட்சர்லாந்தில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். பிரித்துப் பார்த்தால், சிவப்புக் கலரில் ஒரு பேனாக்கத்தி!

"இதை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது? பென்சிலா சீவப் போறேன்?" என்று சிரித்தேன். சிரித்தேனே தவிர, மனசுக்குள் என்னவோ செய்தது.

எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். பென்சில் சீவ, மாங்காய் நறுக்க, தபால் கவர் பிரிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். நான் கேட்டால் மட்டும், "பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு? கையை வெட்டிக்குவே" என்பார். என்னைவிட நாலு வயசு சின்னவன் தம்பி. அவனுக்குப் பத்து வயசிலேயே அது கைக்குக் கிடைத்தது. "வேலை முடிஞ்சதும் துடைச்சு, மடக்கித் தரணும்" என்பது அப்பாவின் நிபந்தனை. நான் மூலையில் நின்று முறைத்துக்கொண்டிருந்ததை அவன் மறக்கவில்லை போலிருக்கிறது.

என் மாமியாருக்கு வேறு கவலை. "கத்தியைக் கைக்குக் கை வாங்காதேம்மா, கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கோ" என்றார். அப்படியே செய்தேன். உடன்பிறப்பு விஷயத்தில் எதற்கு வீண் வம்பு!

விலையை அவன் சொல்லவில்லை. எப்படியும் அந்தப் பணத்துக்கு நம் ஊரில் டஜன் கத்தி வாங்கலாம். மூடியிருக்கும்போது நீளம் 91 மில்லிமீட்டர், அதாவது என் உள்ளங்கைக்குள் அடக்கம். அதற்குள் பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரிக்கோல், டப்பா திறக்க ஒன்று, பாட்டில் மூடி திறக்க ஒன்று, துளை போட ஊசி மாதிரி ஒன்று. பக்கவாட்டில் குட்டி இடுக்கியும் பல் குத்தும் குச்சியும் செருகியிருக்கின்றன. ஒவ்வொரு அலகிலும் நகம் பதித்து இழுக்க ஒரு பள்ளம். புதுசாச்சே, ஸ்பிரிங் நல்ல விறைப்பு. முதல் நாள் என் நகம்தான் மடங்கியது. ஆனால் திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்'கென்று ஒரு சத்தம் வருகிறதே, அதற்காகவே நாலு தரம் திறந்து மூடினேன் என்றால் சிரிக்காதீர்கள்.

தம்பி சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் என்பவர் கத்திப் பட்டறை ஆரம்பித்தாராம். 1891-ல் அந்த நாட்டுச் சிப்பாய்களுக்குக் கத்தி செய்து கொடுத்தார். அதிகாரிகளுக்கென்று 1897-ல் அவர் செய்து பதிவு செய்த கத்திதான் இதற்கு மூதாதை. 1909-ல் அவருடைய அம்மா இறந்துபோனார். அந்த அம்மாவின் பெயர் விக்டோரியா. அதையே மகன் தன் கத்திகளுக்கு வைத்துவிட்டார். பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்ததும், அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லையும் 1921-ல் சேர்த்து 'விக்டோரினாக்ஸ்' ஆக்கினார்கள். பட்டாளத்துக் கத்திக்கு அம்மா பெயர், பாருங்களேன்!

முதலில் ஒரு மாம்பழத்தை நறுக்கினேன். இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் பழத்தில் லேசாக இரும்பு வாடை ஏறும். வாழைப்பூ நறுக்கினால் கேட்கவே வேண்டாம், பூவும் கறுக்கும், மனையும் கறுக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. அதற்காக அரிவாள்மனையைப் பரண்மேல் போட்டுவிடவில்லை. ஒரு கிலோ வெண்டைக்காயை இந்தக் குட்டிக் கத்தியில் நறுக்க உட்கார்ந்தால் சாம்பார் ராத்திரிக்குத்தான் ஆகும்.

நிஜமாகவே அசந்தது வேறு விஷயத்தில். பிரஷர் குக்கர் கைப்பிடி இரண்டு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமை பார்க்கிறேன்" என்று அவரும் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளாகச் சொல்லிவிட்டார். டப்பா திறக்கும் அலகின் நுனி திருப்புளி மாதிரி இருக்கிறதே என்று வைத்துத் திருகினேன். ஒரே நிமிஷம், கைப்பிடி கெட்டியாகிவிட்டது. ஆவியோடு இறக்கும் பாத்திரம், கைப்பிடி ஆடலாமா? இன்னொரு வேடிக்கை: பின்பக்கம் பன்றி வால் மாதிரி முறுக்கிய கம்பி ஒன்று இருக்கிறது. ஒயின் பாட்டில் தக்கையை இழுக்கவாம். நம் வீட்டில் அதற்கு ஏது வேலை! ஆனால் பெண்ணின் பாவாடை நாடா கடுமுடிச்சு விழுந்தபோது, அந்தக் கம்பியின் நுனியை முடிச்சுக்குள் விட்டு லேசாக நெம்பியதும் அவிழ்ந்துவிட்டது. பல்லால் கடித்து இழுக்கும் வேலை மிச்சம்.

நாலாம் நாள் வந்தது வினை. தப்பு முழுக்க என்னுடையது. தேங்காய்க் கண்ணைத் துளைக்கலாமென்று பெரிய கத்தியின் நுனியை வைத்து அழுத்தினேன். அலகு பட்டென்று மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. இந்த மாதிரிக் கத்தியில் அலகைத் திறந்தபடி நிறுத்துவது ஸ்பிரிங் மட்டும்தான், பூட்டு கிடையாது. கூர்ப்பக்கத்தால் அறுக்கலாம், நுனியால் குத்தி அழுத்தக் கூடாது. கூடவே வந்த காகிதத்தைப் படிக்காமல் பெட்டியோடு போட்டுவிட்டால் இப்படித்தான்.

மாமியார் காபித்தூளோடு ஓடி வந்தார். "வேண்டாம் அத்தை" என்று சொல்லி, குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. காபித்தூளும் மஞ்சள்தூளும் காயத்தில் அழுக்கைத்தான் சேர்க்கும். டாக்டர் முதலில் கேட்டது, "டெட்டனஸ் ஊசி கடைசியா எப்போ போட்டீங்க?" என்றுதான். பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது, போட்டுவிட்டார். நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஞாபகம் வருகிறதா?

இப்போது அது நிலைப்பேழையின் மேல்தட்டில், சின்னவனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. சிவப்பாக, பொம்மை மாதிரி இருப்பதால் கைக்குழந்தை உள்ள வீட்டில் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். பழம் நறுக்கினால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, திறந்தபடியே காயவைத்துத்தான் மடக்குகிறேன். மடங்கும் இடத்துக்குத் தேங்காயெண்ணெய் போட்டால் நாளாவட்டத்தில் பிசுக்காகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டுப் போதும். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைத்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். ஏற்றி அனுப்பும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். தம்பியும் அப்படித்தான் கொண்டுவந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை இவர் பார்சல் ஒன்றைப் பிரிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். "அந்த சிவப்புக் கத்தியைக் கொஞ்சம் குடேன்" என்றார்.

"தரேன். வேலை முடிஞ்சதும் துடைச்சு, மடக்கித் தரணும்" என்றேன்.