நெஞ்சில் நீர் கோத்தால் குடிக்கிற தண்ணியை நிறுத்தாதீங்க



"அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், நெஞ்சில் நீரும் கோத்திருக்கு" என்று டொக்டர் சொன்னால் வீடே கலங்கிப் போகும். உடனே ஒருத்தர் "குடிக்கத் தண்ணி குடுக்காதீங்க" என்பார். இன்னொருத்தர் "ஊசி குத்தினா நோய் பரவிடும்" என்பார். இந்த இரண்டு பேச்சையும் நம்பி நோயாளியைக் கஷ்டப்படுத்தக் கூடாது.

இது என்ன நீர்?

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. அவை உரசாமல் இருக்க, நடுவில் சில தேக்கரண்டி நீர் எல்லோருக்கும் இருக்கும். புற்றுநோய் அந்தச் சவ்வுக்குப் பரவினால் நீர் அதிகமாக ஊறும், வடிகிற வழியும் அடைபடும். சில பேருக்கு ஒரு லீற்றருக்கு மேலும் சேரும். அது நுரையீரலை வெளியிலிருந்து அமுக்கும். அதனால்தான் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது, படுத்தால் இன்னும் கஷ்டமாகுது.

இது குடித்த தண்ணி அல்ல. குடிப்பதை நிறுத்தினால் உடம்பு வரண்டு போகுமே தவிர, நெஞ்சு நீர் குறையாது. இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டொக்டர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி கொடுங்கள்.

ஊசி எதற்கு?

காசநோய், நிமோனியா, இருதய பலவீனம் இவற்றாலும் நீர் கோக்கும். அதனால் நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். முதல் சோதனையில் புற்றுநோய் தெரியாமலும் போகலாம். மறுபடி எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

நோயாளியை முன்பக்கம் சாய்ந்து உட்கார வைத்து, முதுகில் விறைப்பு மருந்து போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை விட்டு நீரை மெதுவாக எடுப்பார்கள். அமுங்கிய நுரையீரல் விரியும்போது இருமல் வரும். நெஞ்சு வலித்தால் அப்போதே சொல்ல வேண்டும். பல பேருக்கு அன்றைக்கே மூச்சு லேசாகும். நீர் திரும்பச் சேர்ந்தால் மறுபடி எடுக்கலாம், குழாய் வைக்கலாம், மருந்து போட்டு இரண்டு சவ்வையும் ஒட்ட வைக்கவும் வழி உண்டு.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். நீரில் புற்றுநோய்க் கலங்கள் இருந்தால் நோய் முற்றிய கட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஒப்பரேஷனால் தீராது. ஆனாலும் நோயைக் கட்டுப்படுத்த மருந்துகள் உண்டு, மூச்சுத் திணறலைக் குறைக்கவும் முடியும். "இனி என்ன இருக்கு" என்று கைவிடாதீர்கள்.

எங்கே போவது?

மலையகத்தில் கண்டி, பதுளை ஆஸ்பத்திரிகளிலும், கொழும்புப் பக்கம் மஹரகமவிலும் சிகிச்சை உண்டு. 1977 கலவரத்துக்குப் பின் நம் சொந்தங்கள் பலர் வடக்கே குடியேறினார்கள். அங்கே பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோருக்கு யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி உள்ளது. 2011 இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் கட்டப்பட்டு, 2013 இல் திறக்கப்பட்டது. இவை எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரிகள். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

- தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார வையுங்கள்.
- அடுப்புப் புகை, சுருட்டு, பீடிப் புகை பக்கத்தில் வேண்டாம்.
- பழைய எக்ஸ்ரே, கிளினிக் புத்தகம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.
- திடீரென மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990 க்கு அழையுங்கள்; அம்புலன்ஸ் இலவசம்.
- ஊசி குத்திய பிறகு காய்ச்சல் வந்தாலும் உடனே காட்டுங்கள்.