தொண்டையில் ஒரு பழுப்புப் புள்ளி
(பிம்பம் – தொடர் 7)

சென்ற கிழமை கோர்டன் கலப்பின் சிம்பன்சிகளோடு நிறுத்தினோம். 1970இல் அவர் மயக்கத்தில் கிடந்த சிம்பன்சியின் புருவத்தில் சிவப்புச் சாயம் பூசி, விழித்த பின் கண்ணாடியைக் காட்டினார். அது கண்ணாடியை விட்டுவிட்டுத் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தது. 2001இல் நியூயோர்க்கில் இரண்டு டொல்பின்களும் இதுபோன்ற சோதனையில் தேறின. தன்னைத் தான் அறிவது பெரிய மூளை உள்ளவற்றுக்கே வாய்க்கும் என்று அறிவியல் உலகில் பலரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்த உயிர் நமது கற்பிட்டிக் கடலிலும் இருக்கிறது. டொல்பின் பார்க்கப் படகேறுகிறவர்கள் அதைக் காண்பதில்லை. பவளப்பாரில், விரல் நீளத்தில் வாழ்கிறது.

அதற்கு முன் கரையில் சற்று நிற்போம். இங்கே கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மடி கரையேறும்போது சாளையும் சூடையும் துள்ளும் ஒவ்வொரு துள்ளலிலும் வெயில் தெறிக்கும். அது சாயத்தின் மினுக்கம் அல்ல. மீனின் தோலில் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் திரும்பும் ஒளி ஒன்றுசேர்ந்து உடலையே கண்ணாடியாக்குகிறது. தண்ணீருக்குள் இந்தக் கண்ணாடி மீனை மறைக்கிறது. நடுக்கடலில் ஒளி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சீராகப் பரவுவதால், நிமிர்ந்து நீந்தும் மீனின் விலாவில் பட்டு வரும் ஒளியும் அதற்குப் பின்னாலுள்ள கடலின் ஒளியும் ஒன்றுபோலிருக்கும். துரத்தி வரும் பாரைக்குக் கடல் மட்டுமே தெரியும். உடல் சற்றுச் சாய்ந்தாலோ பளிச்சென்று மின்னிவிடும்.

உடலே கண்ணாடியான மீன்கள் அவை; இனி, கண்ணாடியில் தன்னைப் பார்த்த அந்த விரல் நீள மீன். நீல உடலில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு. பாரில் ஓரிடம் பிடித்துக்கொண்டு, தேடி வரும் கலவாய்களின் வாய்க்குள்ளும் செவுளுக்குள்ளும் நுழைந்து ஒட்டுண்ணிகளைத் தின்பதே இதன் பிழைப்பு. ஜப்பானின் ஒசாகாவில் மசனோரி கோடாவின் குழு இந்த இனத்துக்குக் கண்ணாடி காட்டி, 2019இல் முடிவை வெளியிட்டது. முதலில் மீன்கள் எதிரியென்று எண்ணிக் கண்ணாடியை வாயால் மோதின. சில நாளில் மோதல் ஓய்ந்து, கண்ணாடிக்கு முன் தலைகீழாக நீந்துவது போன்ற விசித்திர அசைவுகளைச் செய்து பார்த்தன. அதன் பின் தொண்டைத் தோலுக்குக் கீழே ஒரு பழுப்புப் புள்ளி இட்டார்கள். கண்ணாடி இல்லாமல் மீனால் அதைப் பார்க்க முடியாது. நான்கில் மூன்று மீன்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அடியில் போய்த் தொண்டையைத் தேய்த்தன. நிறமற்ற புள்ளி இட்டபோது தேய்க்கவில்லை. கண்ணாடி இல்லாதபோதும் தேய்க்கவில்லை.

கலப் இதை ஏற்கவில்லை. நான்கு மீன் போதாது, ஊசி குத்திய உறுத்தலாகவும் இருக்கலாம் என்று கேள்விகள் எழுந்தன. கோடா மறுபடி சோதித்தார். 2022இல், முந்தையவற்றையும் சேர்த்து 18இல் 17 மீன்கள் தேறின. ஆனால் அந்த எண்ணிக்கையைவிட என்னை உலுக்கியது வேறு: புள்ளி பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் மீன் அதைச் சட்டை செய்யவே இல்லை. பழுப்புப் புள்ளி ஒட்டுண்ணியைப் போலிருக்கிறது. நாள் முழுக்க ஒட்டுண்ணி தேடும் மீனுக்கு அது தன் மேல் இருந்தால் சும்மா இருக்க முடியுமா? சோதனையில் தோற்றதாக நாம் எழுதிவைத்த எத்தனையோ விலங்குகளுக்கு, நாம் இட்ட புள்ளி ஒரு பொருட்டாகவே இல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்த மீன் வாழும், கற்பிட்டிக்கு மேற்கேயுள்ள பவளப்பார் 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இன் கடல் வெப்பத்தில் அதன் ஆழமற்ற பகுதிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. மிஞ்சிய பாருக்கு இந்தச் சிறு மீன் எவ்வளவு தேவை என்பதை அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவு ஆய்வு காட்டுகிறது. அங்கே சில பார்களில் எட்டரை ஆண்டுகள் இந்த மீன் இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். அங்கேயே தங்கி வாழும் மீன்களின் தொகை 37 வீதமும், இன வகைகள் 23 வீதமும் குறைவாக இருந்தன. அப்படியிருந்தும் உலக அலங்கார மீன் சந்தையில் இதுவும் விலைபோகிறது. நமது பாரிலிருந்து இதை எவரும் பிடிக்கலாகாது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

(அடுத்த கிழமை: இல்லாத கையின் வலியைக் கண்ணாடியால் தணித்த வி. எஸ். இராமச்சந்திரன்)