கரன்ட் போன இரவில் சர்வர் எழுதியது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. பல இடங்களில் கரன்ட் இல்லை. ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையோரமாக ஒரு மருந்துக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசைக்கடியில் ஒரு கணினி, அதில் போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ் சர்வர். யு.பி.எஸ். முடிந்தவரை தாக்குப்பிடித்துவிட்டு அணைகிறது. அந்த நொடியில் ஒரு பில் பாதியில் நிற்கிறது. ஸ்டாக்கில் இன்சுலின் ஒன்று கழிந்துவிட்டது, வரவில் பணம் ஏறவில்லை.

கரன்ட் வந்ததும் சர்வர் எழுந்து லாக் ஃபைலில் சில வரிகள் எழுதும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘டேட்டாபேஸ் தடைபட்டு நின்றிருக்கிறது, கடைசியாக இயங்கியது இத்தனை மணிக்கு.’ ‘முறையாக மூடப்படவில்லை, தானாக மீட்பு நடக்கிறது.’ ‘ரீடூ தொடங்குகிறது.’ ‘ரீடூ முடிந்தது.’ ‘இணைப்புகளை ஏற்கத் தயார்.’ சிறிய கடையின் கணக்கென்றால் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே சில நொடிகள்தான் இருக்கும். பார்த்தால், பாதி பில் இல்லவே இல்லை. இன்சுலின் ஸ்டாக்கிலேயே இருக்கிறது. அதற்கு முன்பு முடிந்த பில்கள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன.

இந்த வித்தைக்குப் பின்னால் ஒரு தமிழருக்கும் பங்குண்டு. சி. மோகன் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, 1977-ல் அமெரிக்கா போனவர். ஐ.பி.எம். ஆய்வகத்தில் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் 1992-ல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ கட்டுரை, விழுந்த டேட்டாபேஸை எழுப்பும் முறைக்கு இலக்கணமாகிவிட்டது. எந்த மாற்றத்தையும் அதன் இடத்தில் செய்வதற்கு முன்பே ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று வட்டில் குறித்துவிட வேண்டும் என்பது அடிப்படை. விழுந்து எழுந்தால் அந்தக் குறிப்பைப் படித்து, நடந்ததை நடந்த வரிசையிலேயே திரும்ப நடத்த வேண்டும். பிறகு, முடிவுறாமல் நின்றவற்றை அழித்துவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ் இதில் பாதியைத்தான் பின்பற்றுகிறது. திரும்ப நடத்துகிறது, ஆனால் அழிப்பதில்லை. முடிவுறாதவை கோப்பில் கிடந்தாலும் யார் கண்ணுக்கும் காட்டாது.

ஆக, சர்வர் இரண்டு குறிப்பேடுகளை எழுதுகிறது. ஒன்று தனக்காக. அதை மனிதர் நேரடியாகப் படிக்க முடியாது, தொடவும் கூடாது. மற்றது நமக்காக. இரண்டையும் லாக் என்றே சொல்லிவந்ததால் வந்த வினை கொஞ்சமல்ல. வட்டில் இடம் தீர்ந்துபோனால், ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்றொரு கோப்புறை பெருத்துக் கிடப்பதைப் பார்த்து, ஏதோ பழைய லாக் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அழித்தது டேட்டாபேஸின் உயிர்நாடியை. 2017-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பில், லாக் என்ற சொல் வராதபடி, அந்தக் கோப்புறையின் பெயரையே ‘பிஜி_வால்’ என்று மாற்றிவிட்டார்கள்.

நமக்காக எழுதப்படும் லாகில் எது எழுதப்படும், எவ்வளவு எழுதப்படும் என்பது நம் கையில்தான் இருக்கிறது. அதை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். எழுதச் சொல்லாத ஒன்றை விபத்துக்குப் பிறகு தேடினால் கிடைக்காது.

ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ‘2024-12-02 09:47:31.206 ஐஎஸ்டி [4127] எரர்: டூப்ளிகேட் கீ வேல்யூ.’ அதற்கடியில் ‘டீடெயில்’ என்று ஒரு வரி: பில் எண் 20418 ஏற்கெனவே இருக்கிறது. அடுத்து ‘ஸ்டேட்மென்ட்’, அதாவது சர்வருக்கு வந்த கட்டளை அப்படியே. முதலில் இருப்பது நேரம், மில்லிநொடி வரை. சதுர அடைப்புக்குள் இருப்பது அந்த இணைப்பைக் கவனித்துக்கொண்ட ப்ராசஸின் எண். சேதி தெளிவாகவே இருக்கிறது: ஒரே பில் எண்ணை இரண்டு முறை பதிய யாரோ முயன்றிருக்கிறார்கள், சர்வர் மறுத்துவிட்டது. ஆனால் கடையில் இரண்டு கவுன்ட்டர் இருந்தால் எந்தக் கவுன்ட்டர் என்று இந்த வரி சொல்லாது. போஸ்ட்கிரெஸ் வந்தபடியே விட்டால், வரியின் முன்னொட்டில் நேரமும் எண்ணும் மட்டும்தான். ‘லாக்_லைன்_பிரிஃபிக்ஸ்’ என்ற அமைப்பில் பயனர் பெயர், டேட்டாபேஸ் பெயர், எந்தக் கணினியிலிருந்து வந்தது என்ற மூன்றையும் சேர்த்தால் போதும், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். நானாக இருந்தால் முதலில் கை வைப்பது இதில்தான்.

நேரம் என்றதும் இன்னொன்று. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால் இதே வரி 04:17 என்று காட்டும். நமக்கு ஐந்தரை மணி நேர வித்தியாசம். விடிகாலை நாலேகாலுக்கு யார் கடையைத் திறந்தது என்று கேட்டுக் குழம்புவார்கள். ‘லாக்_டைம்ஸோன்’ என்று தனியாக ஓர் அமைப்பு இருப்பது இதற்காகத்தான். இதே புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே குறித்தார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் துரைக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவருக்கு இரண்டு காலக்கணக்கும் வேண்டியிருந்தது.

அடுத்து, சேதியின் தீவிரம். இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். ‘ஃபேட்டல்’ என்ற சொல்லைக் கண்டாலே கை நடுங்கும். உண்மையில் ஒருவர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால்கூட ஃபேட்டல்தான். முடிந்துபோவது அந்த ஓர் இணைப்பு மட்டும். நூறு இணைப்பு என்ற வழக்கமான வரம்பு நிரம்பிவிட்டால், ‘சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’ என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஃபேட்டல் எழுதும் (மரியாதை தெரிந்த சர்வர்). எல்லோரையும் வெளியே தள்ளுவது ‘பேனிக்’ மட்டுமே. சர்வர் தனக்கான குறிப்பேட்டை எழுதும்போது வட்டில் இடமில்லாமல் போனால் அது வரும்.

இதற்கு நேர்மாறாக, ‘வார்னிங்’ என்று சாதுவாக வரும் வரிதான் ஆளை விழுங்கும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண்கள் சுமார் 400 கோடிதான், வட்டமாகச் சுற்றிவரும், ஒரு நேரத்தில் பாதியைத்தான் பயன்படுத்த முடியும். பழைய எண்களை ‘வேக்குவம்’ என்ற துப்புரவு வேலை அவ்வப்போது விடுவிக்காவிட்டால் இடம் குறைந்துகொண்டே வரும். 14-ஆம் பதிப்பு முதல், 4 கோடி எண் மிச்சமிருக்கும்போது எச்சரிக்கை தொடங்கும். 30 லட்சத்துக்கு வந்ததும் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். 2019 பிப்ரவரியில் மின்னஞ்சல் அனுப்பும் மேன்ட்ரில் சேவை முடங்கியதற்கு இந்த எண் தீர்ந்ததுதான் காரணம். மருந்துக்கடைக்கு 200 கோடியைத் தொடப் பல தலைமுறை ஆகும். பெரிய மருத்துவமனைக்கோ வங்கிக்கோ அந்தச் சொகுசு கிடையாது.

மெதுவாக ஓடும் கேள்விகளைப் பற்றி போஸ்ட்கிரெஸ் தானாக வாய் திறக்காது. ‘லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்’ என்பதன் ஆரம்ப மதிப்பு −1, அதாவது மௌனம். இன்னொரு டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்க்யூஎல்லிலும் அப்படித்தான்: மெதுக்கேள்வி லாக் அணைத்தே இருக்கும், போட்டாலும் 10 நொடிக்கு மேற்பட்டதைத்தான் எழுதும். 10 நொடி என்பது கவுன்ட்டரில் நிற்பவருக்கு யுகம். ஒரு நொடி என்று வைத்துத் தொடங்குவது நியாயம். பூஜ்யம் வைத்தால் எல்லாக் கட்டளையும் வரும். சில நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம்.

‘எதற்கு வம்பு, எல்லாவற்றையும் எப்போதும் எழுதட்டுமே’ என்று தோன்றும். வட்டு நிரம்புவதைச் சமாளிக்கலாம். பெரிய தொல்லை, லாகில் வந்து சேரும் ரகசியங்கள். எல்லாக் கட்டளையையும் எழுதச் சொன்னால் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் அவர் வாங்கிய மருந்தும் சாதாரண எழுத்தாக அதில் உட்கார்ந்துவிடும். டேட்டாபேஸ் பயனருக்கு யாராவது புது பாஸ்வேர்டு வைத்தால் அதுவும் அப்படியே பதிவாகக்கூடும். 2018 மே மாதம் ட்விட்டர் 33 கோடிப் பயனர்களிடமும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. உள் லாக் ஒன்றில் பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். டேட்டாபேஸைப் பூட்டி வைப்பவர்கள் லாக் ஃபைலைத் திறந்துபோட்டு வைப்பது எனக்குப் புரிவதில்லை.

எத்தனை நாள் வைத்திருப்பது? லினக்ஸ் வகைகள் சிலவற்றில் லாக் ஃபைலுக்குக் கிழமையின் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. இந்தச் செவ்வாய் வந்ததும் போன செவ்வாயின் லாக் மேலெழுதப்படும், ஏழு நாள்தான் நினைவு. ஆனால் இந்தியாவின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கடிகாரங்களையும் என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தி வைக்கச் சொல்கிறது. அந்த வரம்புக்குள் வருபவர்கள் கோப்பின் பெயரில் முழுத் தேதியும் வரும்படி மாற்றிவிட்டு, பழையதை வேறு வட்டுக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

இங்கே சொன்ன மாற்றங்களுக்குக் கடையை மூட வேண்டியதில்லை. அமைப்புக் கோப்பில் திருத்திவிட்டு, மறுபடி படித்துக்கொள் என்று சர்வருக்கு ஒரு கட்டளை கொடுத்தால் போதும், பில் ஓடிக்கொண்டே இருக்கும். ‘லாகிங்_கலெக்டர்’ மட்டும் விதிவிலக்கு. லாகைக் கோப்பில் சேர்க்கும் அந்த வேலையாளை எழுப்ப சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியே ஆக வேண்டும். அதை இரவு ஷட்டர் இறக்கிய பிறகு செய்துகொள்ளலாம்.